மழைக்கு முன் சோபாவை நகர்த்துங்கள்

ஐப்பசி ஆலோசனை: சென்னை முதல் தூத்துக்குடி வரை, கடலோர வீடுகளுக்கு

வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிட்டது. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்கிற சுமார் 140 சென்டிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. தீபாவளித் தள்ளுபடி வருவதும் இதே வாரங்களில்தான். செயற்கைத் தோல் சோபாவைப் புதிதாக வாங்குகிறவர்களும், வீட்டில் இருப்பதைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறவர்களும் இப்போது மும்முரமாக இருப்பார்கள். இருவரும் பார்ப்பது நிறத்தையும் பளபளப்பையும். பார்க்க வேண்டியது ஈரத்தை. கடலோரத்தில் இந்தச் சோபாக்கள் உட்கார்ந்து தேய்வதற்கு முன்பே காற்றின் ஈரம் குடித்து உரிந்துபோகின்றன. அதை முழுமையாகத் தடுக்க முடியாது. ஆனால் நல்லபடியாகத் தேர்ந்தெடுத்து, மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் மெனக்கெட்டால் அதன் ஆயுளைப் பல ஆண்டுகள் நீட்டலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளிப் போடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிக் கிடந்தால் இன்னும் கூடுதலாக. மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஈரத்தை உறிஞ்சி உள்பக்கம் ஓதம் காக்கும். அதை ஒட்டி நிற்கும் சோபாவின் முதுகுக்குக் காற்றே போகாது. நகர்த்தும்போது டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் விபூதி பூசினாற்போல ஒரு வெளுப்பு தெரிந்தால் அது தூசியல்ல, பூஞ்சை. விரலால் தேய்த்தால் போய்விடும், இரண்டு வாரத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வரும். எல் ஷேப் சோபா மூலையில் இரண்டு சுவர்களையும் ஒட்டிக் கிடப்பதால் அந்த மூலைதான் முதலில் பூக்கும். கூடம் சின்னதாக இருந்தால் ஒரு சாண் இடம்கூடப் பெரிய இழப்பாகத் தோன்றும். இந்த மூன்று மாதங்களுக்காவது விட்டுக்கொடுங்கள்.

பூஞ்சை இருந்தால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, பால்கனி போன்ற திறந்த இடத்தில் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே மின்விசிறிக்கு அடியில் போட்டு உலர்த்துங்கள். உலர்த்துவதற்காக வெயிலில் போட வேண்டாம். மழைக்கு நடுவே ஒருநாள் பளீரென்று வெயில் அடித்தால் சோபாவை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. பஞ்சு மெத்தைக்கு அது சரி. பிளாஸ்டிக் பூச்சுக்கு நேர் வெயில் ஆகாது. நிழலும் காற்றும் போதும்.

சோபாவைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். மெல்லிய கறுப்புத் துணி ஒன்றை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியிருப்பார்கள். அது கிழிந்திருந்தால் மழைக்கு ஒதுங்கும் கரப்பானுக்கும் எலிக்கும் அதுவே வாசல். பின்கள் துருப்பிடித்து மரத்தில் பழுப்புக் கோடு இறங்கியிருந்தால் அங்கே ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மண் கோடு தெரிந்தால் கரையான், அதற்குத் தனி வைத்தியம் உடனே வேண்டும். கால்களுக்கு ரப்பர் புஷ் போட்டுத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்துங்கள். ரீக்ளைனர் என்றால் இரும்பு மடக்குகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டு, வழிவதைத் துடைத்துவிடுங்கள். கடற்காற்றில் அவைதான் முதலில் துருப்பிடிக்கும்.

அடுத்தது, கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பாலித்தீன் உறை. அழுக்குப் படக்கூடாது என்று அதைக் கழற்றாமலே வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ. தயவுசெய்து இன்றைக்கே கழற்றுங்கள். உறைக்கும் சோபாவுக்கும் நடுவே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே வேகும். காப்பாற்றுவதாக நினைத்துச் செய்வதுதான் சோபாவை வேகமாக அழிக்கிறது.

உரிவது ஏன்

இன்று கடையில் ‘லெதரெட்’ என்று விற்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பி.யூ., அதாவது துணியின் மேல் பாலியூரித்தேன் பூச்சு. மற்றது பி.வி.சி. பூச்சு, நம் ஊரில் ரெக்ஸின் என்ற பெயரில் மீட்டர் கணக்கில் கிடைப்பது பொதுவாக இதுதான். பி.யூ. மென்மையானது, தொட்டால் அசல் தோல் மாதிரியே இருக்கும், மடித்தால் மெல்லிய சுருக்கங்கள் விழும். அதனால்தான் ஷோரூம்களில் அதற்கு அவ்வளவு மவுசு.

பி.யூ.வின் பலவீனம் அதன் வேதியியலில் இருக்கிறது. சாதாரண ரகங்கள் பாலியெஸ்டர் அடிப்படையில் ஆனவை. அந்த மூலக்கூறுச் சங்கிலிகளில் இருக்கும் எஸ்டர் பிணைப்பை நீர் வெட்டுகிறது. வேதியியலார் இதை நீராற்பகுப்பு என்பார்கள். வெட்டும்போது அமிலம் உண்டாகும், அந்த அமிலம் அடுத்த பிணைப்பு உடைவதை இன்னும் விரைவாக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். யாரும் உட்காராத சோபாவும் உரியும். பீரோவுக்குள் பத்திரமாக வைத்த கைப்பை, வெளியே எடுத்ததும் செதில் செதிலாக உதிர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, காரணம் இதேதான். ஆகவே ‘நாங்கள் ஜாக்கிரதையாகத்தான் வைத்திருந்தோம், ஏன் உரிந்தது?’ என்று கேட்பவர்களிடம் அவர்கள் மேல் தப்பில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பி.வி.சி.க்கு இந்த நோய் இல்லை. அதன் குறை வேறு. அதை வளையும்படி வைத்திருப்பது உள்ளே கலந்த மென்மையூட்டி. ஆண்டுகள் போகப் போக அது கசிந்து வெளியேற, மேலுறை விறைத்து, மடிப்புகளில் விரிசல் விடும். கோடையில் முதுகு ஒட்டும். ஆனால் ஈரத்தைத் தாங்கும். சலூன் நாற்காலி, ஆஸ்பத்திரிக் காத்திருப்பு பெஞ்ச், ஆட்டோ சீட் எல்லாவற்றிலும் ரெக்ஸின் போடுவதற்கு விலை மட்டும் காரணமல்ல.

வாங்கப் போகிறவர்களுக்கு

கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வீடு, ஏசி எப்போதாவதுதான் ஓடும் என்றால் என் யோசனை இது: மலிவான பி.யூ. வேண்டாம். நல்ல கனமான பி.வி.சி. அல்லது துணி சோபா எடுங்கள். பி.யூ.தான் பிடித்திருக்கிறது என்றால் பாலிகார்பனேட் அடிப்படையிலான பி.யூ. இருக்கிறதா என்று கேளுங்கள். நீராற்பகுப்பை அது வெகுவாகத் தாங்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரின் விவரத்தாளைக் கேளுங்கள். 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 95 சதவீத ஈரப்பதத்தில் வாரக்கணக்கில் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, தொழிலில் ‘ஜங்கிள் டெஸ்ட்’ என்பார்கள். அதில் எத்தனை வாரம் தாங்கியது என்ற எண், எத்தனை முறை தேய்த்தாலும் கிழியாது என்று விளம்பரத்தில் போடும் எண்ணைவிட நமக்கு முக்கியம். கோயம்புத்தூர் போன்ற வறண்ட ஊர்க்காரர்கள் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, நல்ல ரக பி.யூ. அங்கே தாராளமாக ஓடும்.

தள்ளுபடியில் ஒரு கண்ணி இருக்கிறது. பி.யூ. கடையில் கிடந்தாலும் வயதாகிறது. குடோனில் இரண்டு மூன்று மழைக்காலம் பார்த்த சோபா, பாதி விலைக்குக் கிடைத்தாலும் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வருகிறது. ‘கடைசி பீஸ்’, ‘டிஸ்ப்ளே பீஸ்’ என்றால் எப்போது தயாரானது என்று நேராகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் கைப்பிடியின் முன்முனையையும் உட்காரும் திண்டின் முன்விளிம்பையும் விரலால் அழுத்தி நீவிப் பாருங்கள். லேசாகப் பிசுபிசுத்தாலோ, மயிரிழைக் கோடுகள் வலைபோல ஓடினாலோ எத்தனை சதவீதம் தள்ளினாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

‘பாண்டட் லெதர், இதுவும் தோல்தான் சார்’ என்று காட்டுவார்கள். தோல் வெட்டும்போது விழும் துண்டுகளை அரைத்து, பசை சேர்த்துத் தகடாக்கி, மேலே பாலியூரித்தேன் பூசியது அது. உரிவதில் பி.யூ.வுக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. அசல் தோலுக்கு நம் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் பேர்போனவை. அசல் தோலின் வெட்டுமுனையைப் பார்த்தால் அடியில் நெய்த துணி இருக்காது, நார் நாராக இருக்கும். செயற்கைத் தோலின் முனையில் துணி தெரியும். இருக்கையின் அடியில் ஜிப் இருந்தால் திறந்து, உள்பக்கத்தை ஒருமுறை பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். பின்னலோ நெசவோ ஆன நெருக்கமான துணி நல்லது. பஞ்சுத்தாள் மாதிரி, இழுத்தால் பிய்ந்து வருகிற அடித்துணி சீக்கிரம் கிழியும்.

ஃபோமைப் பற்றியும் கேளுங்கள், அதற்கும் மேலுறைக்கும் உறவு உண்டு. 32 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ எடை. வீட்டார் தினமும் உட்காரும் இருக்கைக்கு அதற்குக் குறைந்து எடுக்காதீர்கள், 40 இருந்தால் நிம்மதி. ஃபோம் அமுங்கினால் மேலுறை தொய்ந்து மடியும், ஒரே மடிப்பில் நாள்தோறும் வளைந்து அங்கேதான் முதல் விரிசல் விழும். வாரன்டி அட்டையில் மரச்சட்டத்துக்கு இத்தனை ஆண்டு என்று பெரிய எழுத்தில் இருக்கும். மேலுறை உரிந்தால் அது செல்லுமா என்று தனியாகக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

தீபாவளிக்குள் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் தை வரை பொறுக்கலாம். பொங்கலுக்கும் தள்ளுபடி வரும். சுவரும் காய்ந்திருக்கும், புதுச் சோபா வந்ததும் வராததுமாக அடைமழையில் மாட்டாது.

அலங்காரம்

வெளிர் நிறச் சோபா படத்தில் அழகு. மழைக்காலத்தில், நனைந்த புது ஜீன்ஸோடோ சாயம் நிற்காத சேலையோடோ ஒருவர் வந்து உட்கார்ந்தால் அந்தச் சாயம் பூச்சுக்குள் இறங்கிவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. குழந்தைகளும் விருந்தாளிகளும் நிறைந்த வீட்டுக்குச் சாம்பல், மரப்பழுப்பு, பாக்கு நிறம் தோதானவை. கறுப்பு அழுக்கை மறைக்கும், ஆனால் தூசியையும் பூஞ்சையையும் பளிச்சென்று காட்டிக் கொடுக்கும். காட்டிக் கொடுப்பதே நல்லது என்பேன்.

மேலே போட நம் ஊர்ப் பருத்திக்கு நிகரில்லை. சென்னிமலைப் போர்வையை நாலாக மடித்து இருக்கையில் விரியுங்கள். வியர்வையை அது குடிக்கும், தொடை ஒட்டாது. பவானி ஜமக்காளத்தின் பட்டைக் கோடுகள் ஒற்றை நிறச் சோபாவின் முதுகில் போட்டால் கூடத்துக்கே களை வந்துவிடும். இரண்டையும் முதலில் தண்ணீரில் அலசி, சாயம் நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து உதறி உலர்த்துங்கள். ஈரத் துண்டை மட்டும் சோபா முதுகில் காயப்போடாதீர்கள். மழைக்காலத்தில் கொடிக்குப் பதிலாகச் சோபா ஆகிவிடுகிற வீடுகள் நிறைய. விரிப்பு வழுக்குகிறது என்று அடியில் பிளாஸ்டிக் வலைப் பாய் போடுவதும் வேண்டாம். இரண்டு பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது வலையின் அச்சு சோபாவில் நின்றுவிடும். செய்தித்தாளையும் அச்சடித்த பையையும் நாள்கணக்கில் அதன் மேல் போட்டு வைத்தாலும் அப்படியே. மென்மையூட்டி மையை இழுத்துக்கொள்ளும்.

தலை சாய்க்கும் இடத்துக்குத் தனிக் கவனம் தேவை. தேங்காயெண்ணெய் தடவிய தலை தினமும் படுகிற இடம் மற்ற இடங்களைவிட முந்திக் கெடும். ஒரு சிறிய பருத்தித் துண்டை அளவாக வெட்டித் தைத்து அங்கே போடுங்கள், வாரம் இருமுறை மாற்றுங்கள். கையில் சானிடைசர் தடவினால் காய்ந்த பிறகே கைப்பிடியைத் தொடச் சொல்லுங்கள். ஆல்கஹால் மேல்பூச்சை அரிக்கும்.

துடைக்கும் முறை

தீபாவளிச் சுத்தம் என்ற பெயரில் நடக்கும் கொடுமையில் சோபாவும் தப்புவதில்லை. தேங்காயெண்ணெய் தடவிப் பளபளக்க வைப்பது, ஃபினாயில் கலந்த தண்ணீரில் துடைப்பது, கறைக்குத் தின்னரையோ நெயில் பாலிஷ் ரிமூவரையோ தொடுவது எல்லாமே கெடுதல். எண்ணெய் உள்ளே இறங்காது, மேலேயே நின்று தூசியைப் பிடித்துப் பிசுக்காகும். அசல் தோலுக்கு விற்கும் கண்டிஷனருக்கும் இங்கே வேலையில்லை, அதை உறிஞ்ச இது தோல் அல்ல. அந்துருண்டையை இடுக்குகளில் நேராகப் போடுவதையும் விடுங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணத்தில், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. பழைய பனியன் துணியை முக்கி, சொட்டு விழாமல் முறுக்கிப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணி. கடைசியில் உலர்ந்த துணி, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தையல் கோடுகளிலும் பொத்தான் குழிகளிலும் தங்கும் தண்ணீர் ஊசித்துளை வழியே ஃபோமுக்குள் இறங்கிவிடும், அங்கிருந்து அது வெளியேற நாளாகும். மழை மாதங்களில் ஈரத் துடைப்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும், மற்ற நாட்களில் உலர்ந்த துணிதான். முறுக்குத் துகளும் மிக்சரும் திண்டு இடுக்கில் விழுந்தால் அன்றன்றே எடுத்துவிடுங்கள், எறும்பு காத்திருக்காது. பேனா மைக்கு ஆல்கஹால் தொட்டே ஆக வேண்டுமென்றால் சோபாவின் அடிப்பக்கத்தில் முதலில் தொட்டுப் பாருங்கள், நிறம் துணியில் வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். கறை இருக்கட்டும்.

அறையின் ஈரத்தை அளக்கும் சிறிய டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்கு அவ்வளவாக இடமில்லை. அடைமழை நாட்களில் கடலோர வீடுகளில் அந்த எண்ணை எட்டுவது கடினம்தான். ஏசி இருந்தால் மாலையில் ஒரு மணி நேரம் ‘டிரை’ மோடில் ஓட விடுங்கள். இல்லாவிட்டால் மழை விட்டு வெளிக்காற்று உலர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து மின்விசிறியைச் சுழல விடுங்கள்.

விளக்கும் வெடியும்

இது சோபாவைக் காப்பதற்கல்ல, உங்களைக் காப்பதற்கு. உள்ளே இருக்கும் ஃபோம் பாலியூரித்தேன். தீப்பிடித்தால் நிமிடங்களில் பரவும். புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு. தீபாவளியிலும் கார்த்திகை தீபத்திலும் அகல் விளக்கையோ, மத்தாப்புப் பெட்டியையோ, கொசுவத்திச் சுருளையோ சோபாவின் பக்கத்தில் வைக்காதீர்கள். வாசலில் வெடிக்கும்போது கூடத்து ஜன்னலைச் சாத்திவையுங்கள். சோபாவில் தீ பிடித்துவிட்டால் அணைக்கப் போராட வேண்டாம், எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு 101-ஐ அழையுங்கள்.

தண்ணீர் புகும் பகுதியில் இருப்பவர்களுக்கு

2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் முடிச்சூரும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறக்கவில்லை. தரைத்தள வீடு என்றால், சோபாவை உயர்த்த நாலு நாலாகச் செங்கல்லை இப்போதே எடுத்துவையுங்கள். கனமழை எச்சரிக்கை வந்ததும் கழற்ற முடிகிற திண்டுகளையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு, சட்டத்தைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஆனால் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டால் சோபாவை விட்டுவிட்டு முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய ஃபோமைக் கழுவி வைத்துக்கொள்ள முயலாதீர்கள். சாக்கடை கலந்த தண்ணீர் அதற்குள் நின்றிருக்கும், வெளியே காய்ந்தாலும் உள்ளே நாறும். சட்டம் நல்ல மரமாக இருந்தால் அதை மட்டும் காப்பாற்றலாம். பிளைவுட் என்றால் பெரும்பாலும் உப்பிவிடும்.

ஏற்கெனவே உரியத் தொடங்கியிருந்தால்

உரிய ஆரம்பித்த பி.யூ.வை நிறுத்தும் மருந்து எதுவும் இல்லை. வண்ணம் பூசும் கிட்டும் ஒட்டுப் போடும் ஸ்டிக்கரும் சில மாதம் மறைக்கும், பக்கத்துப் பகுதி அதற்குள் உரிந்துவிடும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் செதில்கள் வாய்க்குப் போகும், ஆகவே உடனே ஒரு பருத்தி உறை போட்டு மூடுங்கள். சட்டம் ஆடாமலும் ஃபோம் அமுங்காமலும் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், மேலுறையை மட்டும் மாற்றலாம். உங்கள் பகுதியிலேயே குஷன் வேலை செய்கிறவர் ஒருவர் இருப்பார். சென்னைவாசிகள், கார் சீட் கவருக்குப் பேர்போன ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கமும் ரெக்ஸின் ரகங்களைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். 54 அங்குல அகலத்தில் மீட்டர் கணக்கில் விற்பார்கள். எத்தனை மீட்டர் வேண்டும் என்று தைப்பவரிடம் அளக்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள், அரை மீட்டர் கூடுதலாக எடுத்து வைத்தால் பின்னால் ஒட்டுப் போட ஆகும்.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, அவசரத்தில் பழைய துணியின் மேலேயே புதியதை இழுத்து அடித்துவிடுவார்கள். பழையதை முழுக்க உரித்து, ஃபோமைக் காயவைத்து, பிறகு தைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டு மார்கழிக் கடைசியிலோ தையிலோ கொடுங்கள்.